மொய் நோட்டுக்குள் ஒரு ப்ராஜெக்ட்

கல்லூரிகளில் கடைசி செமஸ்டர் தொடங்கினால் எனக்கு வரும் மெசேஜ் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். "அண்ணா, நல்ல ப்ராஜெக்ட் ஐடியா ஒண்ணு சொல்லுங்கண்ணா." பெயர் மட்டும் மாறும். சொந்தக்காரப் பையன், பக்கத்துத் தெருப் பொண்ணு, எங்கோ ஒரு கல்லூரியில் நான் பேசியதைக் கேட்ட யாரோ. முன்பெல்லாம் நாலைந்து ஐடியா சொல்லி அனுப்புவேன். இப்போது சொல்வதில்லை. நான் சொன்ன ஐடியாவை யாரும் முடித்ததே இல்லை, அதுதான் காரணம்.

மதுரையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன், புதிதாக எடுக்கும் பிள்ளைகளை இன்டர்வியூ செய்வதும் என் தலையில்தான். போன வருடம் ஒரே நாளில் பதினோரு பேரிடம் பேசினேன். நாலு பேர் முகத்தை அடையாளம் கண்டு வருகைப்பதிவு செய்யும் ப்ராஜெக்ட், மூன்று பேர் நூலக மேலாண்மை, ஒருவர் வானிலை ஆப், மற்றவர்கள் ஏதோ ஒரு பெரிய வெப்சைட்டைப் பார்த்து அப்படியே செய்த நகல். முகம் பார்க்கும் ப்ராஜெக்ட் செய்த பையனிடம், "ரெட்டைப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டேன். முழித்தான். அடுத்து, "சரி, வகுப்பில் வெளிச்சம் கம்மியா இருந்தா?" அதற்கும் பதில் இல்லை. அவன் அதை ஒரு வகுப்பில்கூட ஓட்டிப் பார்த்ததில்லை. காசு கொடுத்து வாங்கியது என்பது ஐந்தாவது நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, எனக்குத் தெரிந்துவிட்டது என்பது ஆறாவது நிமிடத்தில் அவனுக்கும் தெரிந்துவிட்டது.

அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. 2012-ல் நானும் வாங்கியவன்தான். நாலு பேர் காசு போட்டு ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் சி.டி.யும் ஸ்பைரல் பைண்டிங் போட்ட ரிப்போர்ட்டும் வாங்கினோம். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் தப்பித்துவிட்டேன், ஏனென்றால் கேட்டவருக்கும் அதில் அக்கறை இல்லை. முதல் இன்டர்வியூவில்தான் மாட்டினேன். "உங்க டேட்டாபேஸ்ல எத்தனை டேபிள்?" என்று ஒரு சாதாரண கேள்வி. பதிலே வரவில்லை. காசு போனதைவிடப் பெரிய நட்டம், நாலு வருடத்தில் எதையாவது சொந்தமாகக் கட்டிப் பார்க்கக் கிடைத்த ஒரே வாய்ப்பையும் அந்த சி.டி. சாப்பிட்டுவிட்டது. இதை வாங்கப்போகும் பிள்ளைகளும், கேட்டவுடன் எடுத்துக்கொடுக்கும் பெற்றோரும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நான் முதலில் உருப்படியாக எழுதிய புரோகிராம் எங்கள் அம்மாவுக்காக. வில்லாபுரத்தில் எங்கள் வீடு, மாடியில் இரண்டு போர்ஷன் வாடகைக்கு. கரண்ட் சர்வீஸ் ஒன்றுதான், ஆளுக்கு ஒரு சப் மீட்டர் (தனித்தனி சர்வீஸ் வாங்குவதுதான் முறை, அது வேறு பஞ்சாயத்து). இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் வரும்போதெல்லாம் சண்டை. முதல் 100 யூனிட் இலவசம் என்றால் அது யாருக்கு இலவசம்? வீட்டுக்காரருக்கா, மூன்று பேருக்கும் சமமாகவா, ஓடின யூனிட் விகிதப்படியா? அதைவிடப் பெரிய தலைவலி, மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கூடுதலாக ஓடிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது, கீழே இருக்கும் யூனிட்டுகளுக்கான கட்டணப் படிகளின் கணக்கும் மாறிவிடும். அப்போ ஒரு போர்ஷனில் ஏ.சி. ஓடினதற்கு, ஃபேன் மட்டும் போட்ட இன்னொரு போர்ஷன்காரர் ஏன் கூடுதலாகக் கட்ட வேண்டும்? அம்மா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு, அழித்து, மறுபடி போட்டு, கடைசியில் கோபத்தில் தானே மிச்சத்தைக் கட்டிவிடுவார்.

இந்தக் கணக்கைப் போட நான் எழுதியது, பைத்தான் என்ற புரோகிராம் மொழியில் அறுபது வரிகூட இருக்காது. ஆனால் கல்லூரியில் நாலு வருடம் காதில் விழுந்து வெளியே போன விஷயமெல்லாம் அந்த அறுபது வரியில்தான் புரிந்தது. கட்டண விகிதத்தைப் புரோகிராமுக்குள் நேராக எழுதினேன், அடுத்த முறை கட்டணம் மாறியதும் உடைந்தது. அதன் பிறகுதான் விகிதங்களைத் தனி ஃபைலில் வைக்கக் கற்றேன். சரியாக 500-க்கும் 501-க்கும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதை எந்தப் புத்தகமும் எனக்கு அவ்வளவு உறைக்கும்படி சொன்னதில்லை, மாடி வீட்டு அக்கா சொன்னார்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் ஆய்வகத்தில் 1991-ல் நடந்ததும் கிட்டத்தட்ட இதே ரகம். காபிக்காக மற்ற அறைகளிலிருந்தும் மாடிகளிலிருந்தும் நடந்து வந்து பார்த்தால் பாத்திரம் காலியாக இருக்கும். கடுப்பான ஆட்கள் காபிப் பாத்திரத்தின் முன்னால் ஒரு கேமராவை வைத்து, அந்தப் படம் தங்கள் கம்ப்யூட்டரில் தெரியும்படி எழுதிவிட்டார்கள். 1993-ல் அது இணையத்துக்கும் வந்தது, உலகத்தின் முதல் வெப்கேம் என்று இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள். 2001-ல் நிறுத்தும்வரை யார் யாரோ அந்தப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு படித்தவர்கள் கையில் எடுத்த பிரச்சினை, காபி இருக்கா இல்லையா என்பதுதான்.

அதனால் இப்போது ஐடியா கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டில், தெருவில், கடையில் யார் நோட்டில் எழுதுகிறார்கள்? டெய்லரின் அளவு நோட்டு, பால்காரர் அட்டை, டீக்கடைக் கடன் கணக்கு, கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கும் பெரியவர் வைத்திருக்கும் நீள நோட்டு. எழுதி, அடித்து, திருப்பி எழுதி, அதையே அடிக்கடி புரட்டித் தேடுகிறார்கள் என்றால் அங்கே ஒரு புரோகிராமுக்கு வேலை இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், எல்லா நோட்டையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டியதில்லை. டீக்கடை நோட்டு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, அதை விட்டுவிடுங்கள்.

கேட்காமல் ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. திருமங்கலம் பக்கத்துத் தம்பி ஒருவன், அப்பா மல்லிகை போட்டிருக்கிறார். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்த பெருமையெல்லாம் முதல் பக்கத்தில் போட்டு, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் விலையைத் தினமும் காட்டும் ஆப் ஒன்றை மூன்று மாதம் உழைத்துச் செய்தான். அப்பா ஒரு நாள் பார்த்துவிட்டு, "விலையத்தான் ஏஜெண்டு காலையிலயே போன்ல சொல்லிர்றாரேப்பா" என்றார். கதை முடிந்தது. பிறகு அவனை உட்கார்த்தி, அப்பா உண்மையில் எதற்குத் தலையைப் பிய்த்துக்கொள்கிறார் என்று கேட்டுவரச் சொன்னேன். விலை படுத்துக் கிடக்கும் நாட்களில் பூ எடுப்புக் கூலி, கமிஷன், வண்டி வாடகை எல்லாம் போக ஏதாவது மிஞ்சுமா, இல்லை செடியிலேயே விட்டுவிடலாமா என்பதுதான் அவர் கவலை. முகூர்த்த நாளிலும் பொங்கலை ஒட்டியும் கிலோ ஆயிரங்களில் போகும்போது இந்தக் கணக்கு யாருக்கும் வேண்டாம், மற்ற நாட்களில்தான் வேண்டும். நாலு எண்ணைப் போட்டால் ஒரு எண் வரும் திரை, இரண்டே நாள் வேலை. அதை அவர் இன்னும் வைத்திருக்கிறார்.

நான் பார்த்ததிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த ஒரு பொண்ணு செய்தது. ரெஸ்யூமில் ஒரே வரி: "மொய் நோட்டுத் தேடல்". அந்தப் பக்கம் மொய் என்பது சும்மா கவர் கொடுப்பது இல்லை. யார், எந்த விசேஷத்துக்கு, எவ்வளவு செய்தார்கள் என்று நோட்டில் இருக்கும், அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு அதைப் பார்த்துத்தான் திருப்பிச் செய்ய வேண்டும், தப்பினால் உறவே போகும். நான் கொஞ்சம் மடக்கத்தான் கேட்டேன். "அங்கதான் மண்டபத்திலேயே கம்ப்யூட்டர் வச்சு மொய் எழுதி ரசீது குடுக்குறாங்களே, நீ புதுசா என்ன செஞ்ச?" அந்தப் பொண்ணு அசரவில்லை. "அது இன்னைக்கு வர்ற மொய்க்கு சார். எங்க அம்மாச்சிகிட்ட நாலு பழைய நோட்டு இருக்கு. பத்திரிக்கை வந்தா ராத்திரி பூரா புரட்டுறாங்க. கண்ணு தெரியல."

அதற்குப் பிறகு சொன்னதுதான் விஷயம். ஊர் வாரியாக, பெயர் வாரியாக அடுக்கிக் காட்டியதும் அம்மாச்சி பார்த்துவிட்டு, "முனியாண்டி எப்படி முருகனுக்கு முன்னால வந்தான்?" என்று கேட்டாராம். பள்ளிக்கூடத்தில் படித்த அகர வரிசையில் னகரம் கடைசி எழுத்து, அதனால் முருகன் முன்னால், முனியாண்டி பின்னால். ஆனால் யூனிகோடில் (கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் கொடுத்து வைத்திருக்கும் முறை) ந-வுக்கு அடுத்த எண்ணிலேயே ன-வை வைத்திருக்கிறார்கள், எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் முனியாண்டி முந்திக்கொள்வார். புள்ளி எழுத்தும் அப்படித்தான், அகர வரிசையில் க்-க்குப் பிறகுதான் கா. சக்திவேல் முன்னால் வர வேண்டும், சகாயம் வந்து நிற்பார். தமிழ் வரிசை தெரிந்த ஐ.சி.யூ. (ICU) போன்ற மென்பொருள் நூலகங்கள், அதாவது தயாராக எழுதிவைத்த புரோகிராம் தொகுப்புகள், இருக்கின்றன, அதைத் தேடிக் கண்டுபிடித்துப் போட்டிருந்தாள். "மதுரை"க்கு, நீளத்தை எண்ணிச் சொல்லும் லென் (len) கட்டளையைப் போட்டால் எத்தனை வரும் என்று கேட்டேன். "அஞ்சு சார், ஆனா எழுத்து மூணுதான்." உயிர்க்குறிகள் தனியாக எண்ணப்படுகின்றன என்பது வரை விளக்கினாள். பெயர் பொருத்தம் இன்னும் சிக்கல்: ஒரு நோட்டில் "பெரியகருப்பன்", இன்னொன்றில் "பெ.கருப்பன்", மூன்றாவதில் "கருமாத்தூர் பெரியவர்". இதை எப்படித் தீர்த்தாய் என்றேன். "தீர்க்கல சார். சந்தேகமா இருக்கிறதை மட்டும் பட்டியல் போட்டு அம்மாச்சிகிட்ட கேட்டுக்கிறேன்." இந்தப் பதிலுக்கே வேலை கொடுக்கலாம், கொடுத்தோம்.

ஒரு இடத்தில் மட்டும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புரோகிராம்களை ஏற்றிவைக்கும் கிட்ஹப் தளத்தில் காட்டியபோது அம்மாச்சியின் நாலு நோட்டும், பெயர், ஊர், தொகை எல்லாம், உலகத்துக்கே திறந்து கிடந்தது. பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். உண்மையான நோட்டை வைத்துச் செய்யும் ப்ராஜெக்டில் இருப்பது உண்மையான மனிதர்களின் விவரம். பொதுவில் ஏற்றும் ரெப்போவில் (ஒரு ப்ராஜெக்டின் ஃபைல்கள் இருக்கும் தொகுப்பு) நீங்களே இட்டுக்கட்டின பத்து பெயர் போதும். ஃபைலை அழித்துவிட்டால் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள், ஃபைல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியின் பழைய கமிட்டில், அதாவது பழைய பதிவில், அது அப்படியே இருக்கும், பாஸ்வேர்டுக்கும் ஏ.பி.ஐ. கீக்கும் (வேறு சேவையைப் பயன்படுத்தத் தரும் ரகசியக் குறியீடு) இதே கதைதான். அன்றைக்கே அந்த ரெப்போவை முழுசாக எடுக்க வைத்தேன்.

ஏலச்சீட்டும் நல்ல இடம். இருபது பேர், மாதம் 5,000, சீட்டு ஒரு லட்சம். ஏலத்தில் 20,000 தள்ளி ஒருவர் எடுக்கிறார், நடத்துபவர் கமிஷன் 5,000 போக மீதி 15,000-ஐ இருபதால் வகுத்தால் ஆளுக்கு 750 கழியும், அந்த மாதம் கட்ட வேண்டியது 4,250. இது எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது மாதம் எடுத்தவர் உண்மையில் எத்தனை வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறார் என்பது யாருக்கும் தெரியாது, அதைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். காட்டினால் சிலர் சீட்டையே விட்டுவிடுவார்கள். ஆனால் சீட்டு நடத்தும் ஆப் செய்து கொடுக்கக் கிளம்பாதீர்கள், அனுமதி வாங்காமல் சீட்டு நடத்துவது 1982-ஆம் வருடச் சட்டப்படி குற்றம், தெரிந்தவர் கேட்டார் என்று நீங்கள் போய் மாட்ட வேண்டாம்.

ப்ராஜெக்டின் அளவு விஷயத்திலும் கவனம். கம்ப்யூட்டர் விஞ்ஞானி டொனால்ட் நூத் 1977-ல் தன் புத்தகத்தின் அச்சு மாதிரி அசிங்கமாக வந்ததைப் பார்த்துவிட்டு, தானே ஒரு அச்சுக்கோர்ப்பு மென்பொருள் எழுதுவதென்று உட்கார்ந்தார். ஒரு வருட விடுப்பில் முடித்துவிடலாம் என்று போட்ட கணக்கு, பத்து வருடத்துக்கு மேல் இழுத்தது. அவர் நூத், தாங்கினார். நமக்கு இரண்டு சனி ஞாயிறில் ஏதாவது ஒரு ஆள் தொட்டுப் பார்க்கிற மாதிரி ஒன்று வரவில்லை என்றால் கையை வைக்காமல் இருப்பதே நல்லது. முதல் இரண்டு வாரம் எக்செலில் ஓட்டிப் பாருங்கள். எக்செலே போதும் என்று தெரிந்தால் ரொம்ப நல்லது, அடுத்த நோட்டைத் தேடலாம்.

"ஏ.ஐ.கிட்ட கேட்டேண்ணா, இருபது ஐடியா குடுத்துச்சு" என்கிறார்கள். கொடுக்கும். நம்மைப் பற்றி எதுவும் சொல்லாமல் கேட்டால் பக்கத்து பெஞ்சுக்காரனுக்குக் கொடுத்ததைத்தான் நமக்கும் கொடுக்கும். புரோகிராம் கோடு எழுத அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், நானும் தினமும் பயன்படுத்துகிறேன். அம்மாச்சியிடம் போய் உட்கார்ந்து கேட்டுவர மட்டும் அதனால் முடியாது.

எங்கள் வீட்டுப் புரோகிராம் இப்போதும் ஓடுகிறது. போன மாதம் மாடி வீட்டில் சப் மீட்டர் கெட்டுப்போய்ப் புதிதாக மாற்றினார்கள். புது மீட்டர் சைபரிலிருந்து ஓட, என் புரோகிராம் பழைய ரீடிங்கைக் கழித்து, மாடி வீட்டுக்கு மைனஸ் 8,412 யூனிட் என்று பில் போட்டுவிட்டது. நாங்கள்தான் அவர்களுக்குப் பல ஆயிரம் தர வேண்டுமாம். அம்மா அந்தத் தாளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் "எம்மகன் கம்ப்யூட்டர் படிச்சவன்" என்று காட்டிக்கொண்டிருக்கிறார். இந்த ஞாயிறு சரி செய்துவிடுவேன்.