தீம் பார்க் வரிசையில் நிற்க முடியாத பிள்ளை: அமெரிக்கச் சட்டம் எதைத் தரும், எதைத் தராது

அக்கா மகனுக்கு ஆட்டிசம். அமெரிக்காவில் ஒரு பெரிய தீம் பார்க்குக்கு முதல் தடவை போனபோது, பலகையில் 50 நிமிடம் என்று போட்டிருந்த ஒரு ரைடுக்கு எல்லோரையும் போல நாங்களும் வரிசையில் நின்றோம். முதல் 25 நிமிடம் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் கம்பித் தடுப்பு வளைகிற ஒரு இடத்தில், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் படுத்துவிட்டான். முன்னால் நூறு பேர், பின்னால் நூறு பேர், நடுவில் ஒரு ஆள் நடக்கிற அகலம். பத்து வயதுப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு, 'சாரி, சாரி' என்று சொல்லியபடி அக்கா வந்த வழி முழுக்கத் திரும்பி நடந்தாள். சிலர் ஒதுங்கினார்கள், சிலர் முறைத்தார்கள்.

இதற்கென்று ஒரு ஏற்பாடு இருப்பதே அன்று மாலைதான் எங்களுக்குத் தெரிந்தது. டிக்கெட் விற்கிறவர்கள் கூப்பிட்டு வைத்துச் சொல்வதில்லை, நாமாகத்தான் கேட்க வேண்டும். அமெரிக்காவில் இருக்கிறவர்களுக்கும், பிள்ளைகளோடு அங்கே சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை 1990-இல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம். ஏடிஏ என்று சொல்வார்கள். அதன் மூன்றாம் பகுதி, தனியார் நடத்தினாலும் பொதுமக்கள் வந்துபோகிற இடங்களைப் பற்றியது. ஹோட்டல், தியேட்டர், கடை, கேளிக்கைப் பூங்கா எல்லாம் அதில் வரும். அங்கே உள்ள வழக்கமான ஒரு விதியால் மாற்றுத்திறனாளி ஒருவர் மற்றவர்களைப் போல அனுபவிக்க முடியாமல் போகிறது என்றால், அந்த விதியை நியாயமான அளவுக்குத் தளர்த்தித் தர வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் வாங்கவும் கூடாது. இந்தப் பாதுகாப்பு குடிமக்களுக்கு மட்டும் என்று சட்டம் சொல்லவில்லை, அதனால் விசிட்டர் விசாவில் போனவருக்கும் உண்டு. மாற்றுத்திறனாளியோடு சேர்ந்திருக்கிறார் என்ற காரணத்துக்காக அவருடைய வீட்டாரை வேறுபடுத்தி நடத்தக் கூடாது என்றும் ஒரு பிரிவு இருக்கிறது, அம்மா அப்பாக்கள் அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

சரி, எல்லை எங்கே? தருகிற சேவையின் அடிப்படைத் தன்மையே மாறிப்போகும் என்றால் அந்த மாற்றத்தைச் செய்ய வேண்டியதில்லை. இதைப் புரிந்துகொள்ள நல்ல உதாரணம் கோல்ஃப் வீரர் கேஸி மார்ட்டின் வழக்கு. காலில் கோளாறு உள்ள அவர் போட்டியில் வண்டியில் போக அனுமதி கேட்டார், நடப்பதும் ஆட்டத்தில் ஒரு பகுதிதான் என்று போட்டி நடத்துகிற அமைப்பு மறுத்தது. 2001-இல் உச்ச நீதிமன்றம், கோல்ஃப் என்றால் பந்தை அடிப்பதுதான், வண்டி கொடுத்தால் ஆட்டம் ஒன்றும் மாறிவிடாது என்று மார்ட்டின் பக்கம் தீர்ப்பு சொன்னது. தீம் பார்க்கிலும் இதே கேள்விதான் வரும். வேறு இடத்தில் உட்கார்ந்து காத்திருக்க விட்டால் பூங்காவின் தொழில் மாறிவிடாது. காத்திருக்கவே வேண்டாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் நேராக ஏறலாம் என்று விட்டால்? அங்கேதான் சண்டை.

டிஸ்னியின் தீம் பார்க்குகளில் முன்பு ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. 'கெஸ்ட் அசிஸ்டன்ஸ் கார்டு' என்று ஒன்று கொடுப்பார்கள், அதைக் காட்டினால் பல ரைடுகளில் வேகமான வாசல் வழியாகவே போகலாம், பெரும்பாலும் காத்திருக்கவே வேண்டாம். விளைவு என்ன? நியூயார்க்கைச் சேர்ந்த வசதியான சிலர், மாற்றுத்திறனாளி வழிகாட்டி ஒருவரை மணிக்கு 130 டாலர் கொடுத்து அமர்த்தி, அவரைக் காட்டி வரிசையைத் தாண்டுகிறார்கள் என்று 2013 மே மாதம் பத்திரிகையில் செய்தி வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அந்தக் கார்டு போய், டிஏஎஸ் என்கிற 'டிஸெபிலிட்டி ஆக்ஸஸ் சர்வீஸ்' வந்தது. யாரோ காசுள்ளவர்கள் செய்த வேலைக்கு, உண்மையிலேயே முடியாத பிள்ளைகள் விலை கொடுத்தார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வருகிறது.

டிஏஎஸ் என்பது வரிசையைத் தாண்டுகிற பாஸ் இல்லை. ஒரு ரைடுக்குப் பொது வரிசையில் 60 நிமிடம் ஆகும் என்றால், ஏறக்குறைய அதே அளவு நேரம் தள்ளி, திரும்பி வர ஒரு நேரம் தருவார்கள். இப்போது அது செயலியிலேயே நடக்கிறது. அந்த நேரம் வரும் வரை நீங்கள் சாப்பிடலாம், மரத்தடியில் உட்காரலாம், பையனை நடத்திக் கூட்டிக்கொண்டு போகலாம். நேரம் வந்ததும் 'லைட்னிங் லேன்' என்கிற வேகமான வாசலில் போனால் சீக்கிரம் உள்ளே போய்விடலாம். ஒரு நேரத்தில் ஒரு ரைடுக்கு மட்டும்தான் இப்படி முன்பதிவு வைத்திருக்க முடியும். யார் பெயரில் டிஏஎஸ் இருக்கிறதோ அவரும் ஏற வேண்டும், அவரைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் மட்டும் ஏறுவது நடக்காது.

இது போதாது என்று வழக்கும் போட்டார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் குடும்பங்கள் சொன்னது, எங்கள் பிள்ளைக்கு வரிசையில் நிற்பது மட்டும் பிரச்சினை இல்லை, 'அப்புறம் வா' என்று சொன்னாலே தாங்காது, ஒரே ஒழுங்கில் ஒவ்வொரு ரைடாகப் போனால்தான் முடியும் என்பது. 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இது முழுதாக விசாரிக்க வேண்டிய விஷயம் என்று திருப்பி அனுப்பியது. 2020-இல் விசாரணை நடந்து, அப்படிப்பட்ட உடனடி நுழைவு அவசியம் என்று நிரூபிக்கப்படவில்லை, கொடுத்தால் பூங்கா நடக்கிற முறையே மாறிவிடும் என்று டிஸ்னி பக்கம் தீர்ப்பானது. ஆக, 'காத்திருக்கவே முடியாது' என்று கேட்பதை விட, 'அந்தக் கம்பித் தடுப்புக்குள் காத்திருக்க முடியாது' என்று கேட்பதுதான் இன்றைக்குக் கைகொடுக்கிற வாதம்.

2024-இல் இன்னொரு மாற்றம் வந்தது. புளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் மே 20 முதலும், கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் ஜூன் 18 முதலும், டிஏஎஸ் யாருக்கு என்பதைச் சுருக்கினார்கள். ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு காரணமாக வழக்கமான வரிசையில் நெடுநேரம் காத்திருக்க முடியாதவர்களுக்கு என்று இப்போது எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் வீடியோ அழைப்பில் பேசித்தான் விண்ணப்பிக்க வேண்டும், தேவைப்பட்டால் அவர்கள் அமர்த்தியிருக்கிற மருத்துவத் துறை ஆட்களும் பேச்சில் சேர்வார்கள். கூடப் போகிறவர்கள் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு, நால்வர் அல்லது நேரடிக் குடும்பம் என்பது கணக்கு, சித்தப்பா குடும்பம், நண்பர் குடும்பம் எல்லாம் சேராது. பொய் சொல்லிப் பெற்றது தெரிந்தால் நிரந்தரமாகத் தடை, டிக்கெட் காசும் திரும்பி வராது. டிஏஎஸ் எத்தனை நாள் செல்லும் என்பதை அவர்கள் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், போன தடவை வாங்கியது இருக்கிறதே என்று நம்பிப் போகாமல் செயலியில் தேதியைப் பாருங்கள்.

இப்போது அந்த வீடியோ அழைப்பு. மற்றதெல்லாம் எங்கே தேடினாலும் கிடைக்கும், இதைத்தான் யாரும் சொல்வதில்லை.

முதல் தடவை ஒரு பூங்காவில் இப்படி ஒரு நேர்காணலில் அக்கா பேசியதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். 'ஆட்டிசம், ரிப்போர்ட் இருக்கிறது' என்றாள். அந்தப் பெண் மரியாதையாக, 'வரிசையில் நின்றால் என்ன ஆகும்?' என்று கேட்டார். அக்கா சிரித்துக்கொண்டே, 'கொஞ்சம் கஷ்டப்படுவான், பரவாயில்லை, நாங்கள் சமாளித்துக்கொள்வோம்' என்றாள். முடிந்தது கதை. கிடைக்கவில்லை. நம் ஆட்கள் பழக்கம் அது. மூன்றாம் மனிதரிடம் பிள்ளையின் குறையைச் சொல்ல வாய் வராது, பிறத்தியாருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று வளர்ந்திருக்கிறோம், 'அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்' என்பது தானாக வந்துவிடும். ஆனால் எதிரில் இருப்பவர் அதைப் பணிவு என்று எடுத்துக்கொள்ள மாட்டார், தேவை இல்லை என்று குறித்துக்கொள்வார்.

நோயின் பெயர் இங்கே பாதி வேலைதான் செய்யும், டிஸ்னி மருத்துவச் சான்றும் கேட்பதில்லை. வரிசை என்கிற அந்தச் சூழலில் உங்கள் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்பதைச் சொல்லுங்கள், நல்ல நாளை விட்டுவிட்டு மோசமான நாளைச் சொல்லுங்கள். 'இருபது நிமிடத்துக்கு மேல் ஒரே இடத்தில் நிறுத்தினால் தரையில் படுத்துவிடுவான், யாராவது உரசினால் தன் கையையே கடிப்பான், அடைத்த இடத்திலிருந்து வெளியே ஓடுவான், அமைதியாக ஒரு மணி நேரம் ஆகும்.' இவ்வளவுதான். இரண்டாம் தடவை அக்கா இதை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு படித்தாள், குரல் நடுங்கியது, ஆனால் கிடைத்தது. யாருக்காகக் கேட்கிறோமோ அவரும் அழைப்பில் இருக்க வேண்டும் என்பதால், பையன் தூக்கக் கலக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பயணத்துக்குச் சில நாள் முன்னதாகவே முடித்துவிடுவது உத்தமம்.

யுனிவர்சல் பூங்காக்களில் வழி வேறு. அங்கே முதலில் ஐபிசிசிஇஎஸ் என்கிற அமைப்பின் இணையதளத்தில் ஒரு டிஜிட்டல் அட்டைக்குப் பதிய வேண்டும். இலவசம்தான், ஆனால் இங்கே ஆவணம் கேட்பார்கள், மருத்துவர் கடிதம் போன்று ஏதாவது ஒன்றை ஏற்ற வேண்டும், அதனால் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பாவது பதிந்துவிட வேண்டும். பிறகு பூங்காவின் ஊழியர் ஒருவர் உங்களோடு பேசி என்ன தருவது என்று முடிவு செய்வார். சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்காக்கள் பலவற்றிலும் இதே அட்டை நடைமுறைதான்.

நடக்க முடியாதவர்கள் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். பாட்டிக்கு முழங்கால் வலி, தாத்தாவால் நிற்க முடியாது, பாஸ் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். டிஸ்னியில் அதற்கு டிஏஎஸ் கிடையாது, சக்கர நாற்காலியோ மின் வண்டியோ வாடகைக்கு எடுங்கள், வரிசைக்குள்ளேயே அது போகும் என்பதுதான் பதில். 1955-இல் திறந்த டிஸ்னிலேண்டில் சில பழைய ரைடுகளின் வரிசை அகலம் போதாது, அங்கே மட்டும் திரும்பி வரும் நேரம் எழுதித் தருவார்கள். சிறுநீர், குடல் பிரச்சினை உள்ளவர்கள் வரிசையில் நின்று, அவசரம் என்றால் வெளியே போய்விட்டு, திரும்பித் தங்கள் குடும்பத்தோடு சேர்ந்துகொள்ள ஊழியரிடம் கேட்கலாம். இது போதுமா என்றால், ஒரு குழந்தையோடு தனியாக வந்த அம்மா குழந்தையை யாரிடம் விட்டுவிட்டுப் போவார்? இப்படியான குறைகளை வைத்துத்தான் 2025 பிப்ரவரியில் கலிபோர்னியாவில் புதிய விதிகளுக்கு எதிராக வழக்குப் போட்டார்கள்.

டிஏஎஸ் கிடைக்காவிட்டாலும் கேட்டுப் பெறக்கூடிய சின்ன உதவிகள் உண்டு. பெரிய பிள்ளைக்கு ஸ்ட்ரோலர் என்கிற தள்ளுவண்டியையே சக்கர நாற்காலியாகக் கருதும்படி ஒரு சீட்டு கட்டித் தருவார்கள், வரிசைக்குள் அதோடு போகலாம், பையனுக்குத் தனக்கென்று ஒரு கூடு மாதிரி இருக்கும். ஒருவர் பிள்ளையோடு வெளியே இருக்க, மற்றவர் ஏறிவிட்டு வந்து மாற்றிக்கொள்கிற 'ரைடர் ஸ்விட்ச்' இருக்கிறது, இதற்கு எந்த நிரூபணமும் வேண்டாம். சத்தத்தைக் குறைக்கிற ஹெட்ஃபோனை மட்டும் மறக்க வேண்டாம். ரைடில் ஏற உயரம் போதாது, கையால் பிடித்துக்கொள்ள முடியாது என்று தடுத்தால் அது வேறு கணக்கு. உண்மையான ஆபத்தை வைத்து வகுத்த பாதுகாப்பு விதியைச் சட்டம் அனுமதிக்கிறது, வெறும் ஊகத்தை வைத்து மறுப்பதைத்தான் அனுமதிப்பதில்லை.

மறுத்துவிட்டால் அங்கேயே கோபப்பட்டுப் பயனில்லை. எந்தத் தேதி, யாரிடம் பேசினோம், நாம் என்ன கேட்டோம், என்ன காரணம் சொன்னார்கள், மாற்றாக எதைத் தந்தார்கள் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள், பூங்காவுக்கு ஒரு மின்னஞ்சலும் அனுப்புங்கள். அமெரிக்க நீதித்துறையின் ஏடிஏ இணையதளத்தில் புகார் தரலாம், செலவு இல்லை, சில புகார்களைச் சமரசப் பேச்சுக்கும் அனுப்புவார்கள். வழக்கு என்று போனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: ஏடிஏ-வின் மூன்றாம் பகுதியில் தனிநபர் போடும் வழக்கில் நீதிமன்றம் விதியை மாற்றச் சொல்லுமே தவிர நஷ்ட ஈடு தராது. கலிபோர்னியாவில் நிலைமை கொஞ்சம் வேறு, அங்கே உன்ரூ சட்டம் என்று மாநிலச் சட்டம் ஒன்று இருக்கிறது, அதன்படி ஒவ்வொரு மீறலுக்கும் குறைந்தது 4,000 டாலர் கேட்க முடியும். புளோரிடாவில் நடந்ததற்கு அது உதவாது.