பட்டா இல்லாதவருக்கும் உழவர் அட்டை உண்டு

டெல்டா பக்கத்துக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணவர் ஒன்றரை ஏக்கர் நஞ்சையைக் குத்தகைக்குப் பார்க்கிறார். மனைவி நடவுக்கும் களை பறிக்கவும் கூலிக்குப் போகிறார். மகள் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். வீட்டில் வயதான மாமியார். ஊரில் எல்லோர் வாயிலும் வருவது பி.எம். கிசான்தான்: ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. ஆனால் நிலம் சொந்தப் பெயரில் இருந்தால்தான் அந்தப் பணம். குத்தகைக்காரருக்கும் கூலியாளுக்கும் அதில் இடமில்லை. "நமக்குத்தான் பட்டா இல்லையே" என்று இவர்கள் அதோடு விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் தவறு நடக்கிறது.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. ஊர்ப்பேச்சில் உழவர் அட்டை. 18 முதல் 65 வயதுக்குள் இருக்கும் விவசாயக் கூலித் தொழிலாளி சேரலாம், குத்தகைதாரர் சேரலாம். சொந்த நிலம் இருந்தாலும் நஞ்சை இரண்டரை ஏக்கர், புஞ்சை ஐந்து ஏக்கருக்கு மேல் போகாமல், தானே இறங்கி விவசாயம் பார்ப்பவராக இருந்தால் அவரும் சேரலாம். சந்தா கிடையாது. உழைப்பவர் மூல உறுப்பினர். அவரைச் சார்ந்திருக்கும் குடும்பத்தாரும் பதிவாவார்கள். வேறு நலவாரியத்தில் ஏற்கெனவே பதிந்தவர் இதிலும் பலன் வாங்க முடியாது, அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன கிடைக்கும்? பிள்ளைகள் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படித்தால் ஆண்டுக்குப் பையனுக்கு 1,250 ரூபாய், பெண்ணுக்கு 1,750. விடுதியில் தங்கினாலும் மேற்படிப்பு என்றாலும் தொகை கூடும். திருமணத்துக்கு ஆணுக்கு 8,000, பெண்ணுக்கு 10,000. பெரிய தொகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கல்லூரி திறக்கும் ஜூன் மாதத்தில் டெல்டாவில் பல ஊர்களில் கூலி வேலையே இருக்காது. பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் வட்டிக்கு வாங்கும் வீட்டில் 1,750 ரூபாயின் அருமை தெரியும். உறுப்பினருக்கு 60 வயதான பிறகு, தகுதி இருந்தால், மாத ஓய்வூதியமும் உண்டு. 1,000 ரூபாயாக இருந்தது 2023-இல் 1,200 ஆனது.

இனிச் சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு உதவித்தொகை உண்டு. நிலமற்ற விவசாயத் தொழிலாளருக்கான தொகையை 2025-26 வேளாண் நிதிநிலை அறிக்கையில் உயர்த்தி அறிவித்தார்கள்: விபத்து மரணத்துக்கு ஒரு லட்சம் இரண்டு லட்சமானது, இயற்கை மரணத்துக்கு 20,000 ரூபாய் 30,000 ஆனது, ஈமச்சடங்குக்கு 2,500 ரூபாய் 10,000 ஆனது. இரண்டு லட்சம் எங்கே, முப்பதாயிரம் எங்கே! அந்த வித்தியாசத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் காகிதம்தான். வரப்பில் பாம்பு கடித்தோ, மோட்டார் கொட்டகையில் மின்சாரம் தாக்கியோ ஒருவர் போய்விட்டால், "உடம்பை அறுக்க வேண்டாம்" என்று அன்றைக்கே அடக்கம் செய்துவிடுகிறோம். அந்த வலி புரிகிறது. ஆனாலும் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து முதல் தகவல் அறிக்கை வாங்காமல், பிரேதப் பரிசோதனை நடக்காமல், அது விபத்து என்று பிறகு நிரூபிக்க வழியே இருக்காது. துக்க வீட்டில் நிதானமாக இருக்கும் பங்காளியோ பக்கத்து வீட்டுக்காரரோ இதை எடுத்துச் சொல்ல வேண்டும். பிறகு இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் தேவைப்படும்.

இத்தனைக்கும் ஆள் உயிரோடு இருக்கும்போதே அட்டை எடுத்திருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முதலில் உங்கள் கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். அவரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து எழுதுவார்கள். முடிவெடுப்பது தாலுகா அலுவலகத்தில் இருக்கும் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், போட்டோ கொண்டுபோங்கள். குத்தகை வாய்மொழியாக இருந்தால் அதை நினைத்துத் தயங்க வேண்டாம். கூலி வேலைக்கும் போகிறவர் என்றால் விவசாயத் தொழிலாளி என்றே விண்ணப்பிக்கலாம்.

அட்டை கைக்கு வந்ததும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மாமியார் பெயர் விட்டுப்போயிருந்தால் அப்போதே சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.