ரிப்பன் வெட்டிய மறுநாளிலிருந்து: தீவு நாடுகளுக்கு நாம் தரும் வாக்கு

2023 மே 22 அன்று பப்புவா நியூ கினியின் தலைநகர் போர்ட் மோர்ஸ்பியில் இந்தியாவும் 14 பசிபிக் தீவு நாடுகளும் கூடின. 2014-இல் ஃபிஜியின் சுவா நகரில் தொடங்கிய கூட்டமைப்பின் மூன்றாவது உச்சி மாநாடு அது. அங்கே இந்தியா 12 அம்சத் திட்டம் ஒன்றை அறிவித்தது. ஃபிஜியில் 100 படுக்கைகள் கொண்ட இதய மருத்துவமனை, கடல் ஆம்புலன்ஸ்கள், கல்வி உதவித்தொகை என்று நீளமான பட்டியல். நீர்ச் சுத்திகரிப்புத் துறையில் வேலை பார்ப்பவன் என்பதால் என் கண் இரண்டு வரிகளில் நின்றுவிட்டது. ஒன்று, 14 நாடுகளிலும் டயாலிசிஸ் பிரிவுகள். இன்னொன்று, கடல்நீரைக் குடிநீராக்கும் அலகுகள்.

இரண்டும் தேவையானவைதான். சர்க்கரை நோய் மிக அதிகமாக உள்ள நாடுகளில் பல பசிபிக்கில்தான் இருக்கின்றன. அங்கே சிறுநீரகம் செயலிழந்தவருக்கு உள்ளூரில் சிகிச்சை இல்லையென்றால் குடும்பத்தை விட்டுக் கடல் தாண்டிப் போக வேண்டும், அல்லது வீட்டிலேயே இறக்க வேண்டும். ஆனால் இவை கையில் கொடுத்துவிட்டுக் கைகுலுக்கி வரக்கூடிய பொருள்கள் அல்ல. தீவு நாடுகளோடு ஒப்பந்தம் கையெழுத்தானது என்று செய்தி வரும்போதெல்லாம் படிப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

டயாலிசிஸ் கருவியில் நிமிடத்துக்கு அரை லிட்டர் திரவம் ஓடுவது வழக்கம். நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர். வாரம் மூன்று முறை என்றால் ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 19,000 லிட்டர். இந்தத் திரவம் நோயாளியின் ரத்தத்தோடு ஒரு மெல்லிய சவ்வு மட்டுமே இடையில் இருக்க உறவாடுவது. குடிக்கும் தண்ணீரின் தரம் இதற்குப் போதாது. குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் கார்பன் வடிகட்டியைத் தாண்டிவிட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துவிடும். அதனால் ஒவ்வொரு நாளும் சிகிச்சை தொடங்கும் முன் தண்ணீரைச் சோதித்துப் பதிவேட்டில் எழுத ஒருவர் வேண்டும். அப்புறம் ஆர்.ஓ. இயந்திரம், தடையில்லா மின்சாரம், பயிற்சி பெற்ற செவிலியர், மாதாமாதம் வந்து சேரும் வடிகட்டிகள். இவற்றில் ஏதாவது ஒன்று ஒரு வாரம் நின்றால் அந்த நோயாளியின் உயிர் ஆபத்தில் இருக்கிறது. டயாலிசிஸ் பிரிவு தருகிறோம் என்று ஒரு நாடு சொல்வது இத்தனைக்கும் சேர்த்துச் சொல்வதாக இருக்க வேண்டும்.

குடிநீர் விஷயமும் இப்படித்தான். பவளத்தீவுகளில் ஆறு கிடையாது. மணலுக்கடியில், உப்பு நீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலமும் கூரையில் விழும் மழையும்தான் இயற்கை தருவது. ஒரு முறை அலை உள்ளே புகுந்தால் அந்தப் படலம் உப்பேறிவிடுகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு மாலத்தீவின் பல தீவுகளில் அதுதான் நடந்தது. 2014 டிசம்பர் 4-இல் மாலேயின் கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலையில் தீப்பிடித்தபோது தலைநகரம் முழுக்கக் குடிநீர் நின்றது. இந்தியா உடனே விமானங்களிலும் கடற்படைக் கப்பல்களிலும் தண்ணீர் அனுப்பியது. சீனாவும் அனுப்பியது. அந்த வேகம் பாராட்டத்தக்கது. ஆனால் ஒரே ஆலையை ஒரு தலைநகரமே நம்பியிருந்த நிலைமையை எந்தக் கப்பலும் மாற்றிவிட முடியாது.

என் வேலையில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான். தீவுக்கு இயந்திரம் போய்ச் சேர்கிறது. பெயர்ப்பலகை பளபளக்கிறது. உப்புக்காற்று முதல் நாளிலிருந்தே மின்பலகையைத் தின்னத் தொடங்குகிறது. ஒரு தீவில் ஆலை நின்றுபோன காரணம் உள்ளங்கையில் அடங்கும் ஓர் அழுத்த உணரி. உயர் அழுத்தப் பம்ப் நன்றாக இருந்தது, உப்பை வடிகட்டும் மெம்பரேன்களும் நன்றாகவே இருந்தன. அந்த உணரி மட்டும் ஒரு குறிப்பிட்ட தயாரிப்பாளரிடம்தான் கிடைக்கும். ஆர்டர் போட வெளிநாட்டுப் பணம் வேண்டும், கப்பல் வர வேண்டும். அந்த இடைவெளியில் தண்ணீர் ஓடாமல் மெம்பரேன்களில் பாசி படிந்து அவையும் போயின. ஆலையை இயக்கிய இளைஞர் தினமும் பதிவேட்டில் தேதி போட்டு, எதிரே ‘ஓடவில்லை’ என்று எழுதியிருந்தார், பக்கம் பக்கமாக. மாற்று உணரி ஒன்றை அலமாரியில் வைத்திருந்தால் போதும். அதற்கான செலவு திட்ட மதிப்பீட்டில் எந்த வரியிலும் இல்லை.

ஏன் இல்லை? கொடுக்கும் நாட்டின் கணக்கு கட்டி முடித்து ஒப்படைப்பதோடு மூடப்படுகிறது. பெறும் நாட்டின் பட்ஜெட்டுக்கோ டீசல் வாங்கவே மூச்சு முட்டுகிறது. கடல்நீரைக் குடிநீராக்கப் பெரிய ஆலைகளிலேயே ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் ஆகும். சிறிய அலகுகளில் இன்னும் கூடும்.

இன்னொன்று, மானியமும் கடனுதவியும் ஒன்றல்ல. செய்தியில் இரண்டையும் ‘இந்தியா வழங்கியது’ என்றே எழுதிவிடுகிறார்கள். இந்தியாவின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கியான எக்ஸிம் வங்கி வழியாகப் போகும் கடனுதவியைத் தீவு நாடு வட்டியோடு திருப்பித் தர வேண்டும். அதில் வாங்கும் பொருள், சேவையில் பொதுவாக 75 சதவீதம் இந்தியாவிலிருந்து வர வேண்டும் என்பது விதி. நமக்கு அதில் லாபம் இருப்பது தவறில்லை, அதை வெளிப்படையாகச் சொல்லலாம். ஆனால் நம் பொருள்தான் அங்கே போகிறது என்றால் அதற்கான உதிரி பாகமும் பழுதுபார்ப்பும் நம் பொறுப்பாகவே இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

தீவு நாடு மறுப்புச் சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. அதையும் பேச வேண்டும். இந்தியப் பெருங்கடல் நாடான சேஷெல்ஸின் அசம்ப்ஷன் தீவில் இந்தியா ராணுவ வசதிகள் அமைக்க 2015-இல் ஓர் ஒப்பந்தம் உருவானது, 2018-இல் திருத்தப்பட்டது. அந்நாட்டு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கிடைக்கவில்லை. அங்குள்ள மக்கள் தங்கள் தீவில் என்ன வரப்போகிறது என்று கேட்டார்கள். கேட்பது அவர்கள் உரிமை. மாலத்தீவு கேட்டுக்கொண்டதால் 2024 மே 10-க்குள் இந்திய ராணுவத்தினர் வெளியேறினர். இந்தியா அங்கே கொடுத்திருந்த விமானங்களை இயக்கும் பணியைச் சிவிலியன் தொழில்நுட்பப் பணியாளர்கள் ஏற்றார்கள். அந்த மாதங்களில் இங்கே சமூக ஊடகங்களில் மாலத்தீவை எவ்வளவு இழிவாகப் பேசினோம் என்பது எனக்கு இன்றும் வருத்தம். அதே ஆண்டு ஆகஸ்டில், இந்தியக் கடனுதவியில் 11 கோடி டாலர் செலவில் 28 தீவுகளில் முடிந்த குடிநீர், கழிவுநீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. அரசியல் சண்டை உச்சத்தில் இருந்த காலத்திலும் குழாய் பதிக்கும் வேலை முடிந்திருக்கிறது. என்னைப் பொறுத்தவரை இரு நாட்டு உறவில் அந்த ஆண்டின் பெரிய செய்தி அதுதான்.

சரி, என்னதான் செய்யலாம்? 14 நாடுகளுக்கும் அலகுகள் என்ற எண்ணிக்கையைக் குறைத்தாலும் பரவாயில்லை, ஒவ்வோர் அலகுக்கும் பத்து ஆண்டுப் பராமரிப்பை ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும். அருகருகே உள்ள தீவு நாடுகளுக்கு ஒரே வகை பம்ப், ஒரே வகை மெம்பரேன் கொடுத்தால், உதிரி பாகக் கிடங்கு ஒன்றை ஃபிஜி போன்ற ஒரு நாட்டில் பொதுவாக வைத்துவிடலாம்.

பயிற்சி தருவதில் நமக்கு 1964-இலிருந்து நடக்கும், பிற நாட்டவர்களுக்கு இந்திய அரசு பயிற்சி தரும் ஐடெக் திட்டம் இருக்கிறது. ஆனால் ஒருவரை அழைத்துப் பயிற்றுவித்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. ஏறக்குறைய 11,000 பேர் வாழும் பசிபிக் தீவு நாடான துவாலுவிலிருந்து, ஆஸ்திரேலியாவோடு அது செய்துகொண்ட ஃபலேபிலி உடன்படிக்கையின்படி, ஆண்டுக்கு 280 பேர் ஆஸ்திரேலியாவில் குடியேறலாம். 2025-இல் நடந்த முதல் குலுக்கலுக்கு குடும்பத்தினரையும் சேர்த்து மக்கள்தொகையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கினர் பதிந்தார்கள். நாம் பயிற்சி கொடுத்த ஆலை இயக்குநரும் அதில் இருக்கலாம். அவர் போவதைத் தடுக்க நமக்கு உரிமையில்லை. அதனால் பயிற்சிக்கான இடங்களை ஆண்டுதோறும் ஒதுக்கி, ஓர் ஆலைக்குக் குறைந்தது மூன்று பேரைத் தயாராக வைத்திருக்கும்படி ஒப்பந்தத்தை எழுத வேண்டும்.