தோள் எம்.ஆர்.ஐ.: சீட்டில் விட்டுப்போன ஒரு வரி

"எம்.ஆர்.ஐ. நார்மல்னுதான் சார் வந்துச்சு. ஆனா மறுபடியும் தோள் கழண்டுபோச்சு." கபடி ஆடும் 22 வயதுப் பையனின் அப்பா ஃபிலிம் கவரை, ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டரான என் மேசைமேல் வைத்தார். தோள் கழன்றது இது மூன்றாவது முறை. அந்த ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்த பழைய சீட்டை வாங்கிப் பார்த்தேன். 'வலது தோள் எம்.ஆர்.ஐ., வலி' என்று மட்டும் எழுதியிருந்தது. தோள் நழுவிய கதை ஒரு வரிகூட இல்லை.

தோள் மூட்டின் கிண்ணம் ஆழமே இல்லாதது. தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரிதான் கை எலும்பு அதில் உட்கார்ந்திருக்கிறது. உருண்டு போகாமல் தடுப்பதில் விளிம்பைச் சுற்றியுள்ள லேப்ரம் என்ற வளையத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தோள் முன்பக்கம் நழுவினால் வளையத்தின் முன்கீழ்ப் பகுதி பிய்ந்துவிடும். இதுதான் பேங்கார்ட் காயம். சிலருக்கு வளையம் பிரிந்தாலும் எலும்பின் மேலுறை கிழியாமல் அதைப் பழைய இடத்திலேயே பிடித்து வைத்திருக்கும். கையை உடம்போடு ஒட்டி வைத்து எடுக்கும் சாதா எம்.ஆர்.ஐ.யில் இது நல்ல வளையம் போலவே தெரியும்.

பையனுக்கு எம்.ஆர். ஆர்த்ரோகிராம், அதாவது மூட்டுக்குள் மருந்து ஏற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ., செய்தோம். படத்தில் வெள்ளையாகத் தெரியும் கடோலினியம் என்ற காண்ட்ராஸ்ட் மருந்தைச் சலைனில் சுமார் 1:200 அளவில் கலந்து, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே மூட்டுக்குள் 12 மி.லி. செலுத்தினோம். மூட்டு விரிய, ஒட்டியிருப்பவை விலகும். கடைசியாகக் கையைத் தூக்கித் தலைக்கு அடியில் வைக்கச் சொன்னேன். ஏபர் நிலை என்போம். "கழண்டுடும் சார்" என்று பயந்தான்; தலையணை கொடுத்து மெதுவாகத்தான் வைத்தோம். அந்தப் படத்தில்தான் வளையத்துக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தது.

தோள் நழுவிய சில நாட்களுக்குள் வந்திருந்தால் இந்த ஊசியே தேவைப்படாமல் போயிருக்கலாம். மூட்டுக்குள் கசிந்த ரத்தமே அப்போது காண்ட்ராஸ்ட் வேலையைச் செய்துவிடும்.

மூட்டுக்குப் பதிலாகக் கை நரம்பில் இதே மருந்தை ஏற்றி, தோளைக் கொஞ்ச நேரம் அசைக்கச் சொல்லி எடுக்கும் முறையும் உண்டு. மூட்டு ஊசிக்குப் பயப்படுபவர்களுக்கு வசதி. ஆனால் மூட்டு விரியாது. என்னைக் கேட்டால் பாதி பலன் அங்கேயே போய்விடுகிறது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

"3 டெஸ்லாவுல எடுத்தா எல்லாம் தெரியுமாமே?" என்று பலர் கேட்கிறார்கள். டெஸ்லா என்பது ஸ்கேன் காந்தத்தின் வலிமையைச் சொல்லும் அளவு. படம் நுணுக்கமாக வரும், உண்மைதான். ஆனாலும் தோள்மேல் வைத்து சிக்னலை வாங்கும் 'காயில்' (coil) கருவியைச் சரியாகப் பொருத்தி, ஆடாமல் எடுத்த 1.5 டெஸ்லா படம், ஆடிப்போன 3 டெஸ்லா படத்தைவிட எனக்கு உதவும்.

அறுபதைத் தாண்டியவர் கையைத் தூக்க முடியவில்லை என்று வந்தால் ஆர்த்ரோகிராமுக்கு அநேகமாக வேலையில்லை. ரொட்டேட்டர் கஃப் என்ற, தோளைச் சுற்றியுள்ள தசைநார்கள் முழுசாகக் கிழிந்திருந்தால் நல்ல அல்ட்ராசவுண்டே காட்டிவிடும். தசை எவ்வளவு சுருங்கிக் கொழுப்பாகிவிட்டது, தைத்தால் பிடிக்குமா என்று பார்க்கத்தான் சாதா எம்.ஆர்.ஐ. அந்த வயதில் வலியே இல்லாத பலருக்கும் கிழிசல் இருக்கும். ரிப்போர்ட்டில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் ஆபரேஷன் என்று கலங்க வேண்டாம்.

பையனின் ரிப்போர்ட்டைப் பார்த்த ஆர்த்தோ டாக்டர் அடுத்து சி.டி. கேட்டார். "இன்னொரு ஸ்கேனா?" என்றார் அப்பா. மூன்று முறை நழுவியதில் கிண்ணத்தின் எலும்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். வளையத்தை மட்டும் தைப்பதா, எலும்புத் துண்டு வைப்பதா என்பது அந்த அளவைப் பொறுத்தது.