ரீஸ்டாக்கிங் பாலிசி: தமிழில் என்ன சொல்வது?

பாலிசி என்றதும் நம்மில் பலருக்கு எல்.ஐ.சி. பத்திரம்தான் நினைவுக்கு வரும். செய்தித்தாள் படிப்பவர்களுக்குத் தொழிற்கொள்கை, கல்விக் கொள்கை என்று அரசு அறிவிப்புகளும் சேர்ந்து வரும். ஆனால் கிடங்கு, கொள்முதல், சரக்கு என்று வேலை பார்ப்பவர்கள் ‘ரீஸ்டாக்கிங் பாலிசி’ என்று சொல்லும்போது இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்றை, அதாவது சரக்கை எப்போது, எத்தனை வாங்கி நிரப்புவது என்ற முறையைச் சொல்கிறார்கள். எந்தப் பொருளுக்கு எந்த பாலிசி என்று முடிவு செய்வதையே இப்போது இயந்திரக் கற்றலிடம் (பழைய தரவிலிருந்து கணினியே கற்றுக்கொள்ளும் முறை) கொடுக்கத் தொடங்கிவிட்டதால், அதைத் தமிழில் எழுத வேண்டிய தேவையும் வந்துவிட்டது. ‘கொள்கை’ என்று எழுதினால் படிப்பவருக்கு விஷயம் போய்ச் சேராது என்பது என் உறுதியான கருத்து.

சொல்லின் பிறப்பைப் பார்த்துவிடலாம். அரசு பாலிசியும் இன்ஷூரன்ஸ் பாலிசியும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இருந்தாலும் வேர் வேறு. முதலாவது, நகர அரசைக் குறிக்கும் ‘போலிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து லத்தீன், பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. நாம் சொல்லும் போலீஸும் அதே குடும்பம்தான். இரண்டாவது, சான்று என்று பொருள்படும் வேறொரு கிரேக்கச் சொல் இத்தாலியில் ‘பொலிட்ஸா’ என்று மாறி, பிரெஞ்சு வழியாக வந்தது. அதனால்தான் அதைக் காப்பீட்டுப் பத்திரம் என்று நாம் சொல்வது அவ்வளவு சரியாகப் பொருந்துகிறது.

சரக்கு பாலிசி இதில் முதல் சொல்லின் பிள்ளை, ஆனால் கணிதக்காரர்கள் வீட்டில் வளர்ந்தது. 1951இல் கென்னத் ஆரோ, தியடோர் ஹாரிஸ், யாக்கோப் மார்ஷக் மூவரும் சரக்கிருப்பைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே ‘பாலிசி’ இருந்தது. கணித அறிஞர் ரிச்சர்ட் பெல்மன் 1957இல் வெளியிட்ட நூலில் இது இன்னும் கூர்மையானது: நிலைமை எப்படி இருந்தாலும், அந்த நிலையில் என்ன செய்ய வேண்டும் என்று பதில் தருவது எதுவோ அதுவே பாலிசி. வலுவூட்டல் கற்றலில் (செய்து பார்த்து, கிடைக்கும் பலனிலிருந்து கணினி கற்கும் முறை) இன்று புழங்கும் பாலிசி என்ற சொல்லும் இந்த வழியில் வந்ததுதான்.

ஒரு கணக்கைப் பார்த்தால் தெளிவாகும். ஒரு மொத்த விற்பனைக் கடையில் ஒரு சோப்பு நாளைக்கு 20 போகிறது, சொல்லி அனுப்பினால் சரக்கு வர 4 நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 4 நாளுக்கு 80 வேண்டும், திடீரென்று விற்பனை கூடினால் சமாளிக்க ஒரு 30, ஆக இருப்பு 110க்கு இறங்கியதும் ஆர்டர் போட்டு 250க்கு ஏற்ற வேண்டும். கையில் 104 இருந்தால் 146 சொல்ல வேண்டும். (வழியில் வந்துகொண்டிருக்கும் சரக்கையும் இருப்போடு சேர்த்தே எண்ண வேண்டும், இதை மறந்து இரண்டு தடவை ஆர்டர் போட்டுவிடுவது வழக்கமாக நடக்கும் பிழை.) இந்த 110, 250 என்ற இரண்டு எண்களும் சேர்ந்ததுதான் ஒரு பாலிசி. ஆர்டர் போடுவதற்கென்று ஒரு நிலையான செலவு இருக்கும் இடங்களில் இந்த இரண்டு எண் முறையே சிறந்தது என்பதைச் சில நிபந்தனைகளோடு 1960இல் ஹெர்பர்ட் ஸ்கார்ஃப் நிறுவினார்.

சரி, அப்படியானால் எல்லாப் பொருளுக்கும் அதையே வைத்துவிடலாமே, இயந்திரக் கற்றல் எதற்கு? ஆறு மாதத்தில் இரண்டே இரண்டு விற்கும் டிராக்டர் உதிரி பாகத்துக்கு, ஒன்று விற்றால் ஒன்று வாங்கி வைக்கும் முறை போதும். ஒரே சப்ளையரிடமிருந்து வாரத்துக்கு ஒரு லாரியில் வரும் நாற்பது பொருட்களுக்கு, வாரம் ஒருநாள் எண்ணிப் பார்த்து நிரப்பும் முறைதான் பொருந்தும். பத்தாயிரம் பொருட்கள் இருக்கும் கிடங்கில் ஒவ்வொன்றுக்கும் எது பொருந்தும் என்று ஆள் உட்கார்ந்து பார்க்க முடியாது. அதனால் ஒவ்வொரு முறையையும் பழைய விற்பனைக் கணக்கின் மேல் ஓட்டிப் பார்த்து, எந்தப் பொருளுக்கு எது குறைந்த செலவில் முடிந்தது என்று குறித்து, விற்பனையின் ஏற்ற இறக்கம், சரக்கு வர ஆகும் நாள், விலை போன்றவற்றை வைத்து அந்தத் தேர்வைக் கற்கும்படி ஒரு மாதிரியை, அதாவது ‘மாடல்’ என்னும் கணினி நிரலைப் பழக்குகிறார்கள். புதிதாக ஒரு பொருள் வந்தாலும் அதற்கு எந்த முறை என்று அது சொல்லிவிடும்.

இங்கே ஒரு இடத்தில் மட்டும் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். பொருள் தீர்ந்துபோன நாளில் கணினியில் விற்பனை பூஜ்யம் என்றுதான் பதிவாகும், ஆனால் கேட்டு வந்து திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்பது எங்கேயும் பதிவாகாது. அதைத் திருத்தாமல் பழக்கினால், யாருக்கும் வேண்டாத பொருள் என்று மாதிரி கற்றுக்கொண்டு இருப்பை இன்னும் குறைக்கச் சொல்லும், அதனால் பொருள் இன்னும் சீக்கிரம் தீரும், விற்பனைக் கணக்கு இன்னும் குறையும்.

இப்போது தமிழ்ச் சொல். கொள்கை ‘கொள்’ என்ற வினையிலிருந்து வருவது, மனத்தில் ஏற்றுக்கொண்டது என்று பொருள். வாங்குவதைச் சொல்லும் கொள்முதலும் அதே ‘கொள்’தான், அதனால் ஒலியளவில் உறவு இருக்கிறது. ஆனால் ‘தட்டுப்பாடு வராமல் பார்த்துக்கொள்வோம்’ என்பது கொள்கை, ‘104 இருக்கிறது, இப்போது எத்தனை சொல்ல வேண்டும்’ என்று கேட்டால் அது பதில் சொல்லாது. விதி என்று சொல்லலாம், 110க்கும் 250க்கும் அது நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் நரம்பியல் வலையமைப்பு என்னும் வகை மாதிரி தானே கற்றுக்கொண்டு ஒவ்வொரு நாளும் ஒரு எண்ணைச் சொல்லும்போது, அதில் எழுதிக் காட்டக்கூடிய விதி என்று ஒன்று இருப்பதில்லை.

நான் ‘நெறி’ என்றே எழுதுகிறேன். சங்கப் பாடல்களிலேயே வழி, பாதை என்ற பொருளில் வரும் சொல் அது, எழுதி வைத்த வழிக்கும் நடந்து பழகிய வழிக்கும் சேர்த்தே பொருந்தும். ஒழுக்கம் சார்ந்த பொருள் குறுக்கே வருமே என்று கேட்பார்கள். தனியாக நின்றால் வரும், ‘நிரப்பு நெறி’ என்று சேர்த்துச் சொன்னால் வராது. இருக்கும் நெறிகளில் ஒன்றை மாதிரி எடுத்துக் கொடுத்தால் நெறித்தேர்வு, நெறியையே அது உருவாக்கினால் நெறிக்கற்றல், இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லவும் அப்போது வசதியாக இருக்கிறது.