காப்பு, காவலி, காப்புறுதி

வன்னியில் பரந்தனிலோ புதுக்குடியிருப்பிலோ ஹாட்வெயார் கடையில் "இன்சுலேசன் இருக்கா?" என்று கேட்டால், கூரைச் சூட்டுக்கு அடிக்கும் மினுங்கும் தாள் சுருள் ஒன்றை எடுத்துப் போடுவார்கள். "இன்சூரன்ஸ்" என்றால் படிவம் ஒன்று வீடு தேடி வரும். காதுக்கு அண்ணன் தம்பிபோல ஒலிக்கும் இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் இடையில் உறவு கிடையாது. முதலாவதன் வேர் 'இன்சுலா', இலத்தீனில் தீவு. ஒன்றைச் சுற்றியுள்ளவற்றிலிருந்து பிரித்துத் தீவாக்குவதே அதன் கருத்து. இரண்டாவதன் வேர் 'செக்குருஸ்', கவலையற்றது. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது.

தமிழில் இரண்டும் 'கா' என்ற ஒரே வினையடியில் பிறக்கின்றன. பன்றிக்கும் யானைக்கும் விழித்திருக்கும் வயற் காவற்கொட்டில், திருவிழாவுக்குக் கையில் கட்டும் காப்பு, நூலின் தலையில் நிற்கும் காப்புச் செய்யுள் எல்லாம் அந்தக் குடும்பந்தான். இலங்கைப் பாடநூல்கள் மின்னைக் கடத்தாத பொருளைக் 'காவலி' என்கின்றன. அதே வழியில் சூடு கடப்பதைக் குறைக்கும் பொருளை வெப்பக் காவலி என்றும், அதைப் பொருத்தும் வேலையை வெப்பக் காப்பு என்றும் சொல்லலாம். 'வெப்பத் தடுப்பு' என்ற சொல் பொருந்தாது. எந்தப் பொருளும் சூட்டை முற்றாகத் தடுப்பதில்லை. வரும் வேகத்தைத்தான் குறைக்கிறது.

காவலியில் உண்மையில் காவல் செய்வது அசையாமல் அடைபட்ட காற்று. காற்றின் வெப்பக் கடத்தாறு, அதாவது சூட்டைக் கடத்தும் அளவு, ஏறத்தாழ 0.025 (அலகு: மீற்றர் கெல்வினுக்கு வாற்று). ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பலகை 0.035 அளவிலும் கண்ணாடிப் பஞ்சு 0.04 அளவிலும் நிற்கின்றன. கிடுகும் பனையோலையும் வேய்ந்த கொட்டில் பங்குனி வெயிலிலும் குளிர்ந்திருப்பது இதனால்தான்: அடுக்குக்கு அடுக்கு காற்று. தகரத்தில் அது இல்லை. சீற் கூரையை 'அஸ்பெஸ்டஸ், சூடு வராது' என்று நம்புவோர் உண்டு. கல்நார் நெருப்புக்கு அசையாதது என்பது உண்மை, ஆனால் கூரைச் சீற்றில் பெரும்பங்கு சீமெந்து. அது வெப்பத்தை நன்றாகவே கடத்தும். பழைய சீற்றைத் துளைக்கவோ வெட்டவோ போகாதீர்கள். தூசி நுரையீரலுக்குக் கேடு.

எவ்வளவு தடிப்பு வேண்டும் என்பதற்கு 'வெப்பத் தடை' என்ற கணக்கு உண்டு: தடிப்பை மீற்றரில் எடுத்துக் கடத்தாறால் வகுக்க வேண்டும். விடை கூடக் கூட நல்லது. 50 மி.மீ. கண்ணாடிப் பஞ்சுக்கு 0.05 ÷ 0.04 = 1.25. அதே பஞ்சைச் சீலிங்குக்குள் 25 மி.மீ. ஆக அமுக்கித் திணித்தால் தடை ஏறக்குறைய பாதியாகிவிடும். நனைந்தால் நிலைமை இன்னும் மோசம். நீரின் கடத்தாறு 0.6, காற்றைப்போல 24 மடங்கு.

மினுங்கும் அலுமினியத் தாளுக்குச் சட்டம் வேறு. தகரம் நண்பகலில் காய்ந்து கீழே கதிராக வீசும் சூட்டைத்தான் அது குறைக்கும். தகரத்தோடு ஒட்டிக் கிடந்தால் சூடு நேரே தாளுக்குள் இறங்கிவிடும். ஆகவே இடையில் ஓர் அங்குலமாவது, அதாவது 25 மி.மீ., காற்றிடைவெளி விடவேண்டும். சிலாகையின் கீழ்ப்பக்கம் அடித்தால் அந்த இடைவெளி தானாகக் கிடைக்கும். ஒரு பக்கம் மட்டும் மினுங்கும் தாளென்றால் மினுக்கத்தைக் கீழ்நோக்கிப் போடுங்கள். வாங்கிய சூட்டை அந்தப் பக்கம் மிகக் குறைவாகவே வீசும். மேல்நோக்கிய மினுக்கத்தில் செம்மண் தூசி படிந்தால் பலன் போய்விடும். 550 சதுர அடி வீடொன்றுக்குச் சரிவும் தாழ்வாரமும் சேர்த்துக் கூரை 700 முதல் 750 சதுர அடி வரும். மேற்பொருத்துக்கு 10 சதவீதம் கூட்டி வாங்குங்கள். ஒன்றன்மேல் ஒன்று 3 அங்குலம் ஏறவேண்டும், பொருத்துக்கு அலுமினிய ரேப்.

ரெஜிபோம் மலிவு, ஆனால் 100 பாகை செல்சியசுக்குச் சற்றுக் கீழேயே இளகத் தொடங்கும். தீப்பற்றினால் கரும்புகை. அதன்மேல் மின்சார வயரைப் படுக்கவிடக் கூடாது: வயரின் பிவிசி உறையை நெகிழ்வாக வைத்திருக்கும் பொருளை ரெஜிபோம் இழுத்துவிடும், உறை காய்ந்து வெடிக்கும். குழாய்க்குள் இட்டே கொண்டுசெல்லுங்கள்.

இந்த இடத்தில்தான் மற்றக் காப்பு நுழைகிறது. காப்புறுதிப் படிவம் சுவர் எதனால், கூரை எதனால் என்று கேட்கும். ரெஜிபோம் சீலிங்கை மறைத்து எழுதினால், தீவிபத்தின்பின் நிறுவனம் அதைக் காட்டியே பணம் மறுக்கலாம்.

தமிழகத்தில் 'காப்பீடு' என்பார்கள், நாம் 'காப்புறுதி' என்கிறோம். இரண்டும் சரியான ஆக்கங்கள். ஆனால் 'ஈடு' என்றதும் இங்கே காணியை ஈடு வைத்த கடன் நினைவுக்கு வரும், 'உறுதி' என்றதும் காணி உறுதி. கையெழுத்திட்ட பத்திரத்தின் பலம் அந்தச் சொல்லுக்குள் இருப்பதால் நமக்குக் காப்புறுதியே பொருந்தும். உறுதி இல்லாத, அனுமதிப்பத்திரக் காணியில் கட்டிய வீட்டுக்குக் காப்புறுதி கேட்க உரிமை இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். வீடு அழிந்தால் நட்டம் யாருக்கு என்பதே அடிப்படைக் கேள்வி.

தவறாகப் பெயர்த்த சொற்களும் உண்டு. 'பொலிசி' என்பதைச் சிலர் 'காப்புறுதிக் கொள்கை' என்று எழுதுகிறார்கள். அரசாங்கத்தின் பொலிசி வேறு, இது வேறு. இது இத்தாலிய 'பொலிட்சா' வழி வந்தது. மூலம் சான்று என்று பொருள்படும் கிரேக்கச் சொல். ஆகவே 'காப்புறுதிப் பத்திரம்' என்பதே சரி. கொள்கையை வாசிக்காமல் விடலாம், பத்திரத்தை விடமுடியாது.

'அவரேஜ்' அதைவிட மோசம். 'சராசரி விதி' என்று வாசிப்பவர் யாருக்கோ சராசரி எடுக்கிறார்கள் என்று நினைப்பார். கடல் வணிகத்தில் சரக்குச் சேதத்தைக் குறித்த அரபுச் சொல்லே அதன் மூலம். விகிதக் குறைப்பு விதி என்றால் விளங்கும்: பெறுமதியிலும் குறைத்துக் காப்புறுதி செய்தால், கிடைக்கும் பணமும் அதே விகிதத்தில் குறையும். வீட்டைத் திரும்பக் கட்ட 40 இலட்சம் தேவை, நீங்கள் காப்புறுதி செய்தது 20 இலட்சம் என்று வைப்போம். புயலில் 8 இலட்சம் சேதமானால் கிடைப்பது பாதி, 4 இலட்சம். அதிலிருந்தும் 'எக்ஸஸ்' கழியும். அதைத் 'தன்பொறுப்புத் தொகை' என்று சொல்வோம், 'மிகை' அல்ல.

வன்னியில் இந்த விதி கடிக்கும். போருக்குப் பின் வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் வீடொன்றுக்குக் கிடைத்தது 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா. அந்தத் தொகையை இன்றும் வீட்டின் பெறுமதியாக எழுதினால் 2022க்குப் பிந்திய சீமெந்து, கம்பி விலையில் ஓர் அறைகூட எழும்பாது. காணியின் விலையையும் சேர்க்க வேண்டாம், காணி எரியாது. இன்றைய விலையில் மேசனிடமும் தச்சரிடமும் கணக்குப் போட்டு எழுதுங்கள்.

அடிப்படைத் தீக் காப்புறுதி தீ, மின்னலோடு நின்றுவிடலாம். வெள்ளமும் புயலும் பெரும்பாலும் தனியே சேர்க்கவேண்டியவை. 2018 மார்கழியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு வீடுகளுக்குள் வந்தது தீ அல்ல, வெள்ளம். 'அண்மைக் காரணம்' என்ற சொல்லையும் கவனியுங்கள். அது கடைசியாக நடந்ததை அல்ல, சேதத்தை உண்டாக்கிய முதன்மைக் காரணத்தைக் கேட்கிறது. புயல் தகரத்தைப் பிடுங்கி, மழை இறங்கி, பஞ்சு நனைந்து சீலிங் விழுந்தால் காரணம் புயல். ஆணியின் ரப்பர் வாசர் உக்கி, மாதக்கணக்காக ஒழுகி அதே சீலிங் விழுந்தால் அது தேய்மானம், பணம் வராது. நனைந்த பஞ்சை மதிப்பீட்டாளர் பார்க்குமுன் வெளியே வீசாதீர்கள். கூரையில் தொடங்கிக் கீழே சீலிங் வரை படமெடுத்து, பிடுங்கிய தகரத்தையும் ஆணியோடு எடுத்து வையுங்கள்.