17 நாட்களில் ஒரு பாட்டு: ‘ஒஹாயோ’ எப்படி அப்படி ஒலிக்கிறது?

1970 மே 4 அன்று, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள கென்ட் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில், தேசியக் காவல் படையினர் 13 விநாடிகளில் ஏறத்தாழ 67 முறை சுட்டார்கள். வியட்நாம் போரைக் கம்போடியாவுக்குள்ளும் கொண்டுபோன அதிபர் நிக்சனை எதிர்த்து மாணவர்கள் அங்கே கூடியிருந்தார்கள். நான்கு மாணவர்கள் இறந்தார்கள், ஒன்பது பேர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் இருவர் போராட்டத்தில் பங்கெடுக்கவே இல்லை. வகுப்புக்குப் போகும் வழியில் குண்டு பாய்ந்தது.

மே 21 அன்று அந்தச் சாவுகளைப் பற்றிய ‘ஒஹாயோ’ என்ற பாட்டு லாஸ் ஏஞ்சலிஸில் ஒலிநாடாவில் ஏறிவிட்டது. ‘லைஃப்’ இதழில் வந்த படங்களை ‘கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் & யங்’ என்ற ராக் இசைக்குழுவின் டேவிட் கிராஸ்பி, அதே குழுவைச் சேர்ந்த நீல் யங்கிடம் காட்டினார். யங் கிட்டாரை எடுத்து அங்கேயே பாட்டை எழுதினார். கிராஸ்பி உடனே கிரஹாம் நாஷைத் தொலைபேசியில் அழைத்து, ரெக்கார்ட் பிளான்ட் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார்.

இந்தப் பாட்டின் வலிமைக்கு வரிகளையே காரணமாகச் சொல்வது வழக்கம். என் காதில் அது முதல் சொல் வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது, கிட்டாரின் அடித் தந்தியில்.

வழக்கமான கிட்டாரில் தடித்த தந்தியும் மெல்லிய தந்தியும் மேற்கத்திய இசையின் ‘ஈ’ சுரத்தில் நிற்கும். யங் இரண்டையும் ‘டி’ சுரத்துக்குத் தளர்த்தினார். அடித் தந்தியின் அதிர்வெண் 82.4 ஹெர்ட்ஸிலிருந்து 73.4 ஹெர்ட்ஸுக்கு இறங்கியது. அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், இந்தச் சிறு இறக்கத்துக்கே இழுவிசை ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்துவிடும். தளர்ந்த தந்தி அகலமாக வீசி ஆடும். அதை ஓங்கி மீட்டினால் சுருதி ஒரு கணம் மேலே எழும்பிவிட்டுத் தன் இடத்துக்கு இறங்கும். அந்தத் தொடக்க உறுமல் அங்கிருந்துதான் வருகிறது.

முக்கியமான விளைவு இன்னொன்று. நடுவில் உள்ள நான்காம் தந்தி ஏற்கெனவே ‘டி’தான். ஆக மூன்று தந்திகள் 73.4, 146.8, 293.7 ஹெர்ட்ஸில் நிற்கின்றன. ஒவ்வொன்றும் முந்தையதன் இருமடங்கு. எந்தத் தந்தியும் தன் அடிப்படை அதிர்வெண்ணில் மட்டும் ஒலிப்பதில்லை, அதன் மடங்குகளிலும் சேர்ந்தே ஒலிக்கிறது. அடித் தந்தியை மீட்டியதும் அந்த மடங்கு ஒலிகள், அதாவது மேற்சுரங்கள், மற்ற இரண்டையும் விரல் படாமலே அதிர வைக்கும். தம்புராவின் ஆதார சுருதி கச்சேரி முழுவதும் விலகாமல் நிற்பதைப் போல, மேலே இசை எங்கே நகர்ந்தாலும் ‘டி’ கீழே நின்றுகொண்டிருக்கும். அந்த நிலையான சுரத்தின் மேல் யங் சோகச் சாயல் கொண்ட மைனர் இசைக்கோவையை வைத்தார். பாட்டு எங்கும் தப்பிப்போக முடியாதது போல ஒலிப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பிறகு மின்பெருக்கி. தாங்கும் அளவுக்கு மேல் ஒலியைக் கொடுத்தால் வால்வு பெருக்கி அலையின் உச்சிகளை மழுக்கிவிடும். புதிய மேற்சுரங்கள் பிறக்கும். இரண்டு சுரங்கள் ஒன்றாக நுழைந்தால் அவற்றின் அதிர்வெண்களின் கூட்டலும் கழித்தலும்கூட வெளியே வரும். பொருந்தாத சுரங்களானால் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். ‘டி’யும், ஐந்தாம் தந்தியின் சுரமான ‘ஏ’யும் ஏறக்குறைய 2:3 விகிதத்தில் இருப்பதால், பிறக்கும் புதிய ஒலிகளும் அதே ‘டி’யின் குடும்பத்துக்குள் வந்து விழுகின்றன. சிதைவே ஒலியைத் தடிக்கச் செய்கிறது.

ஒலிப்பதிவு சில முயற்சிகளிலேயே முடிந்தது. யங், ஸ்டீபன் ஸ்டில்ஸ் இருவரும் மின்கிட்டார். பேஸ் கிட்டாரில் கால்வின் சாமுவேல்ஸ். டிரம்ஸில் ஜானி பார்பாட்டா. எல்லோரும் ஒன்றாக வாசித்தார்கள். தனித்தனியே பதிவு செய்து அடுக்கினால் எந்தப் பிசகையும் பிறகு திருத்தலாம். கூடி வாசிக்கும்போது ஒருவரின் ஒலி இன்னொருவரின் ஒலிவாங்கியிலும் கசியும். மூன்று மீட்டர் தள்ளியிருந்தால் அது 9 மில்லிவிநாடி தாமதமாக வந்து சேரும். அதைப் பிரித்தெடுத்து அழிக்க முடியாது. காது அதை எதிரொலியாக உணர்வதில்லை, ஒரே இடத்தில் நிற்கும் மனிதர்களாக உணர்கிறது. பாட்டு முடியும் இடத்தில், அவர்கள் ஏன் செத்தார்கள், இன்னும் எத்தனை பேர் என்று கிராஸ்பி கத்துகிறார். அந்தப் பதிவு முடிந்ததும் அவர் அழுதார் என்று யங் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அடுத்த மாதமே இசைத்தட்டு கடைக்கு வந்தது. அந்த நேரத்தில் இதே குழுவின் ‘டீச் யுவர் சில்ட்ரன்’ விற்பனைப் பட்டியலில் ஏறிக்கொண்டிருந்தது. புதிய தட்டு அதன் விற்பனையைக் கெடுக்கும் என்று தெரிந்தும், அதை எழுதிய நாஷே இதை உடனே வெளியிட வேண்டும் என்றார். எனக்கு அவர் மீது பெரும் மரியாதை உண்டாவது இந்த இடத்தில்தான்.

நிக்சனின் பெயரை நேராகச் சொன்னதால் சில ஏஎம் வானொலி நிலையங்கள் பாட்டைப் போட மறுத்தன. எஃப்எம் நிலையங்கள் போட்டன. ஏஎம் ஒலிபரப்பு உயர் அதிர்வெண்களை நறுக்கிவிடும். எஃப்எம் 15,000 ஹெர்ட்ஸ் வரை கொண்டுவரும். வானொலியில் கேட்டவர்களில் பலருக்கு இதனால் அந்தக் கிட்டார்களின் மேற்சுரங்கள் குறையாமல் வந்து சேர்ந்தன. பில்போர்டு பட்டியலில் ‘ஒஹாயோ’ 14ஆம் இடம் வரை போனது. ‘டீச் யுவர் சில்ட்ரன்’ 16ஆம் இடத்தைத் தாண்டவில்லை.